உப்பைத் தாங்கும் நெல்

திருக்கழுக்குன்றத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் போகும் சாலையில் கிழக்கே போகப்போக மண் மாறுகிறது. வேதகிரி மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஏரிப் பாசனம். ஏரியில் நிற்கும் தண்ணீரைப் பார்த்துச் சம்பாவோடு நிறுத்துவதா, நவரையும் போடுவதா என்று முடிவு செய்வார்கள். கிணறு உள்ளவர்கள் சொர்ணவாரியும் போடுவார்கள். பக்கிங்காம் கால்வாயை நெருங்கிவிட்டால் கோடையில் தரிசின்மேல் வெள்ளை பூத்துக் கிடக்கும். காலால் தேய்த்தால் மேல்மண் பொருக்குப் பொருக்காகப் பெயரும். அடியில் ஈரம் தெரியும். ஈரம் இருந்தும் புல் முளைக்காத நிலம். உவர் என்பது இதைத்தான்.

இந்த உப்பு ஒரே வழியில் வரவில்லை. ஓதம் ஏறும்போது முகத்துவாரங்கள் வழியாகக் கடல்நீர் கால்வாய்க்குள் புகுகிறது. பாலாற்றில் தண்ணீர் ஓடிக் கடலை எதிர்த்துத் தள்ளும் நாட்கள் குறைந்துவிட்டன. ஆற்று மணல் போனது. மணல் போன இடத்தில் நன்னீரைப் பிடித்துவைக்கும் இடமும் போனது. ஆழ்துளைக் கிணறுகள் இறங்க இறங்க, நிலத்தடியில் நன்னீர் விட்ட இடத்தைக் கடல்நீர் பிடிக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை ஒரே காலையில் வயல்களில் கொண்டுவந்து கொட்டிய உப்பை அடுத்தடுத்த மழை பெருமளவு கழுவிவிட்டது. கிணற்றின் வழியாக வரும் உப்பு அப்படிப் போவதில்லை. பாய்ச்சும் ஒவ்வொரு தண்ணீரோடும் அது வயலுக்குத் திரும்பி வருகிறது.

தானியப் பயிர்களில் உப்புக்கு மிகவும் அஞ்சுவது நெல்தான். மண் பரிசோதனை அட்டையில் ஈ.சி. என்று ஒரு எண் இருக்கும். மண்நீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதன் அளவு அது. கடல்நீருக்கு அந்த எண் ஏறத்தாழ 50. நெல்லுக்கு 3 தாண்டினாலே விளைச்சல் இறங்கத் தொடங்கும்; அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு எண்ணுக்கும் சுமார் 12 சதவீதம் போகும். ஈ.சி. 6 உள்ள வயலில் மூன்றில் ஒரு பங்கு விளைச்சல் போய்விடும். அதே மண்ணில் பார்லியோ பருத்தியோ எதுவும் நடக்காததுபோல நிற்கும்.

உப்பு பயிரை இரண்டு தடவை தாக்குகிறது. முதல் அடி வேருக்கு. மாவடுவில் உப்பைப் போட்டதும் அது தண்ணீரை விட்டுச் சுருங்குவதற்கு என்ன காரணமோ, அதே காரணத்தால் உவர் மண்ணில் வேரால் தண்ணீரை இழுக்க முடிவதில்லை. வயலில் தண்ணீர் நிற்கும். பயிர் தாகத்தில் வாடும். இரண்டாவது அடி சில நாட்கள் கழித்து. வேர் வழியாக ஏறிய சோடியம் இலைகளில் சேர்ந்து, பொட்டாசியம் இருக்கவேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. ஒளிச்சேர்க்கை தடைப்படுகிறது. வெயில் மட்டும் குறையாமல் அடிக்கிறது. இலை வாங்கிய ஒளியாற்றலைச் செலவிட வழியில்லாதபோது அது ஆக்சிஜனின்மேல் பாய்ந்து சூப்பர்ஆக்சைடு என்ற மூர்க்கமான வடிவத்தை உண்டாக்குகிறது. அது கண்ணில் பட்ட புரதத்தையும் கொழுப்பையும் சிதைக்கும். விவசாயி பார்ப்பது இதன் முடிவை: நாற்று நட்ட பத்துப் பதினைந்து நாளில் இலை நுனி வெளுத்துக் காய்கிறது, வயலில் திட்டுத் திட்டாகப் பயிர் உட்கார்ந்துவிடுகிறது, தப்பிப் பிழைத்ததும் கதிர் விடும்போது பதராகிறது. நாற்றுப் பருவமும் பூக்கும் பருவமும்தான் நெல்லின் மிக மென்மையான நாட்கள்.

இந்தத் திட்டுகளை விட்டு உலகத்தைப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 2022 நவம்பரில் மக்கள்தொகை 800 கோடியைத் தாண்டியது. 2080களில் அது சுமார் 1,030 கோடியில் உச்சம் தொட்டுப் பிறகு இறங்கும் என்பது ஐ.நா.வின் கணிப்பு. உலகம் இப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 280 கோடி டன் தானியம் விளைவிக்கிறது. ஆளுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 340 கிலோ, அதாவது நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. எந்த வீட்டிலும் ஒரு ஆள் அவ்வளவு சாப்பிட மாட்டார். ஆனாலும் 2024இல் 67 கோடிப் பேர் பட்டினியோடு இருந்தார்கள். தானியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கால்நடைத் தீவனமாகிறது. இன்னொரு பங்கு வண்டி ஓட்டும் எத்தனாலாகிறது. ஆகவே, மரபணு மாற்றுப் பயிர் இல்லாவிட்டால் உலகம் பட்டினி கிடக்கும் என்று மேடையில் சொல்லப்படும் வாதத்தை நான் அப்படியே ஏற்கவில்லை. பயிர் பொய்த்துப்போன கடலோரக் குடும்பத்துக்கு அயோவாவில் விளைந்த மக்காச்சோளம் சோறாக வந்து சேர்வதில்லை. அவர்களுக்குத் தங்கள் வயலில் விளையவேண்டும், அல்லது வாங்கக் கையில் காசு வேண்டும்.

மரபணு மாற்றுப் பயிர்கள் இதுவரை என்ன செய்திருக்கின்றன என்பதிலும் இதே கேள்விதான் எழுகிறது. 2019இல் 29 நாடுகளில் 19 கோடி ஹெக்டேரில் அவை பயிரிடப்பட்டன. அதில் மிகப் பெரும்பங்கு சோயா, மக்காச்சோளம், பருத்தி, கனோலா என்ற நான்கே பயிர்கள். அவற்றில் புகுத்திய குணங்களும் பெரும்பாலும் இரண்டே: களைக்கொல்லியைத் தாங்குவது, புழுவைக் கொல்வது. உப்பையோ வறட்சியையோ தாங்கும் நெல் இந்தப் பட்டியலில் இல்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆன ஒரு தொழில்நுட்பம் ஏழை நாடுகளின் கடலோர வயலை ஏன் இன்னும் எட்டவில்லை? அதற்கு விடை தேட இந்தச் செங்கல்பட்டு மாவட்டத்தின் பழைய நெல் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் திரூர், அன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டம். அங்கே இருந்த அரசு நெல் ஆராய்ச்சி நிலையம் 1952இல் டி.கே.எம். 6 என்ற ரகத்தை வெளியிட்டது. திரூர்குப்பம் என்பதன் சுருக்கம்தான் டி.கே.எம். கோ 18 என்ற நெல்லையும் ஜி.இ.பி. 24 என்ற நெல்லையும் ஒட்டுச்சேர்த்துப் பிறந்தது அது. ஜி.இ.பி. 24 கோயம்புத்தூர் நெல் இனப்பெருக்க நிலையம் 1921இல் வெளியிட்ட சன்னரகம். டி.கே.எம். 6ஐ உருவாக்கியவர்கள் கண்ணால் பார்த்து, கதிரைத் தேர்ந்து, மறுபடி விதைத்து, மறுபடி தேர்ந்தவர்கள். மரபணு என்று எதையும் அவர்கள் தொட்டுப் பார்த்ததில்லை.

1960களில் பிலிப்பைன்ஸில் லாஸ் பான்யோஸ் ஊரிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு சிக்கலில் மாட்டியிருந்தது. குட்டையான, உரத்தைத் தாங்கும் புதிய நெல் ரகங்கள் நிறைய விளைந்தன. ஆனால் தண்டுத்துளைப்பானுக்கும் நோய்க்கும் எளிதில் பலியாயின. எதிர்ப்புச் சக்திக்காக உலகெங்கிலுமிருந்து வந்த நெல்களைச் சோதித்தார்கள். தண்டுத்துளைப்பானை ஓரளவு எதிர்த்து நின்றவற்றில் டி.கே.எம். 6 ஒன்று. அதை வைத்து ஒட்டுச்சேர்த்து 1969இல் வந்ததுதான் ஐ.ஆர். 20. தமிழ்நாட்டின் மூத்த விவசாயிகளுக்கு அந்தப் பெயரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சம்பாப் பட்டத்தில் அது நெடுங்காலம் கோலோச்சிய நெல். பிற்பாடுதான் இன்னொன்று தெரியவந்தது. டி.கே.எம். 6க்குள் பாக்டீரியா இலைக்கருகல் நோயை எதிர்க்கும் ஒரு மரபணு இருந்தது. அதற்கு எக்ஸ்.ஏ. 4 என்று பெயர் வைத்தார்கள். ஆசியாவின் எண்ணற்ற நெல் ரகங்களில் இன்று அந்த மரபணு உட்கார்ந்திருக்கிறது. 1980களில் ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் பயிரிடப்பட்ட ஐ.ஆர். 36இன் மூதாதையர்களிலும் டி.கே.எம். 6 உண்டு.

அதாவது செங்கல்பட்டு மாவட்டத்து வயலில் தேர்ந்தெடுத்த ஒரு நெல்லின் மரபணு கடல் கடந்து போனது, வேறு நாட்டு நெல்களோடு கலந்தது, புதுப் பெயரோடு இதே மாவட்டத்துக்குத் திரும்பியது. போகும்போது யாரும் உரிமத் தொகை கேட்கவில்லை. வரும்போதும் யாரும் கேட்கவில்லை. விவசாயி ஒருமுறை விதை வாங்கினால் அடுத்த ஆண்டு தன் நெல்லிலிருந்தே எடுத்து வைத்துக்கொண்டார். இது நடந்ததற்குக் காரணம், இரு முனையிலும் இருந்தது லாபம் தேடாத பணம்.

இனி உப்புக்கு வருவோம். சென்னை தரமணியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1987இல் தனக்குக் கிடைத்த முதல் உலக உணவுப் பரிசின் தொகையைக் கொண்டு சுவாமிநாதன் 1988இல் தொடங்கியது. கடல்மட்டம் உயரும், கடலோர வயல்களில் உப்பு ஏறும் என்பதை எதிர்பார்த்து அங்கே 1990களிலேயே ஒரு வேலை ஆரம்பமானது. உப்பில் பிறந்து உப்பிலேயே வாழும் செடி எப்படிப் பிழைக்கிறது என்று கேட்டு, பிச்சாவரத்துச் சதுப்புநிலக் காட்டுக்குப் போனார்கள். அஜய் பரிடா தலைமையிலான குழு எடுத்துக்கொண்டது வெண்கண்டல் மரத்தை.

வெண்கண்டலின் இலையைப் பறித்துப் பின்புறம் திருப்பிப் பார்த்தால், வெயில் காய்ந்த நேரத்தில் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். நாக்கில் வைத்தால் கரிக்கும். வேரிலேயே பெரும்பாலான உப்பை வெளியே நிறுத்திவிடுகிறது இந்த மரம். மீறி ஏறிய கொஞ்சத்தை இலையிலுள்ள நுண்சுரப்பிகள் வெளியே தள்ளிவிடுகின்றன. இந்த இரண்டும் உடலமைப்பு சார்ந்தவை; ஒரு மரபணுவை எடுத்து நெல்லுக்கு வைத்துவிட்டால் வந்துவிடாது. ஆனால் மூன்றாவதாக ஒரு தற்காப்பு உண்டு. முன்னே சொன்ன சூப்பர்ஆக்சைடைப் பிடித்து அடக்கும் நொதியை வெண்கண்டல் தாராளமாகச் சுரக்கிறது. அந்த நொதியைச் செய்ய ஒரு மரபணு போதும். அதை எடுக்கலாம்.

எடுத்தார்கள். வேலை நடக்கும் விதம் இது: செடியின் செல்களில் அந்த நேரத்தில் இயங்கிக்கொண்டிருக்கும் மரபணுக்களின் படிகளைப் பிரித்து ஒரு நூலகம்போலச் சேர்த்து வைப்பார்கள். அதில் ஒவ்வொன்றாகப் படித்துத் தேவையானதைப் பொறுக்குவார்கள். பிறகு அக்ரோபாக்டீரியம் என்ற மண் நுண்ணுயிரியில் அதை ஏற்றுவார்கள். தன் மரபணுத் துண்டைச் செடியின் செல்லுக்குள் செலுத்துவது அந்த நுண்ணுயிரியின் பிறவிக் குணம். அரிசியின் முளைப் பகுதியிலிருந்து வளர்த்த செல்திரளை அதனோடு சேர்த்து வைத்து, மரபணு ஏறிய செல்களை மட்டும் பிரித்து, கண்ணாடிக் குடுவையில் நாற்றாக வளர்த்தெடுப்பார்கள். இப்படி உருவான நெல்லைப் பற்றிய கட்டுரை 2008இல் வெளியானது. புசா பாஸ்மதி 1 என்ற ரகத்தில் வெண்கண்டல் மரபணு. லிட்டருக்கு ஏறத்தாழ 9 கிராம் உப்பு, அதாவது கடல்நீரில் கால் பங்கு உப்பு கலந்த நீரில் எட்டு நாட்கள் அது தாக்குப்பிடித்தது. பக்கத்தில் வைத்த சாதாரண புசா பாஸ்மதி வாடிவிட்டது.

எட்டு நாள் குடுவைச் சோதனை ஒரு பட்ட விளைச்சல் ஆகாது. ஆனால் அது உண்மையான தொடக்கம். அதன்பிறகு ஆண்டுகள் ஓடிவிட்டன. அஜய் பரிடா 2022இல் மறைந்தார், சுவாமிநாதன் 2023இல் மறைந்தார். வெண்கண்டல் மரபணு கொண்ட நெல் விதை மூட்டையாக எந்த வேளாண் விரிவாக்க மையத்துக்கும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்கு ஒரே காரணம் கிடையாது. முதலில் அறிவியல். பருத்தியில் பி.டி. வேலை செய்வது எளிய கதை: ஒரு மண் பாக்டீரியாவின் ஒரு மரபணு, ஒரு புரதம். காய்ப்புழுவின் குடல் காரத்தன்மை உடையது. அங்கே அந்தப் புரதம் கரைந்து, குடற்சுவரிலுள்ள குறிப்பிட்ட ஏற்பியில் ஒட்டி, ஓட்டை போடுகிறது. மனித வயிறு அமிலம். அந்த ஏற்பியும் நம்மிடம் இல்லை. உப்பைத் தாங்குவது அப்படியல்ல. சோடியத்தை வேரில் நிறுத்துவது, ஏறியதைத் தண்டிலிருந்து திரும்ப இழுப்பது, செல்லுக்குள் ஒரு மூலையில் அடைத்துவைப்பது, சூப்பர்ஆக்சைடை அடக்குவது என்று பல மரபணுக்கள் சேர்ந்து செய்யும் வேலை அது. ஒன்றை மட்டும் பலப்படுத்தினால் பலன் ஒரு அளவுக்குத்தான்.

அடுத்தது பணம். மரபணு மாற்றுப் பயிர் ஒன்று ஆய்வகத்திலிருந்து வயலுக்கு வர, அடுக்கடுக்கான பாதுகாப்புச் சோதனைகள், இரண்டு நிலைக் களச்சோதனைகள், மாநில அரசின் தடையில்லாச் சான்று, மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் ஒப்புதல் எல்லாம் வேண்டும். இவை தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இவற்றின் செலவை யார் தாங்குவது? 2002 மார்ச்சில் ஒப்புதல் பெற்ற பி.டி. பருத்தி வீரிய ஒட்டு ரகங்களில் வந்தது. விவசாயி ஒவ்வொரு ஆண்டும் விதைப் பொட்டலம் வாங்கியே தீரவேண்டும். போட்ட பணத்தைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொண்டது. கூவத்தூர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கர் உவர் நிலம் வைத்திருப்பவர் நெல் விதையை எடுத்து வைத்துக்கொள்வார். அவரிடம் ஆண்டுதோறும் வசூலிக்க முடியாது. ஆகவே எந்தக் கம்பெனியும் அவருக்காக இந்தப் பாதையில் நடக்காது. அரசு நடக்கலாம், நடந்திருக்க வேண்டும்.

நடக்க முயன்ற ஒரு பயிர் என்ன ஆனது என்பதும் நினைவில் இருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் கோ 2, மதுரை 1, கிள்ளிகுளம் 1, பாலூர் 1 ஆகிய நம்மூர்க் கத்தரி ரகங்களில் பி.டி. மரபணுவை ஏற்றியது. இவை வீரிய ஒட்டு அல்ல. விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். மதிப்பீட்டுக் குழு 2009 அக்டோபரில் பி.டி. கத்தரிக்கு ஒப்புதல் தந்தது. 2010 பிப்ரவரி 9 அன்று சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். அந்த நிறுத்தம் இன்றுவரை நீடிக்கிறது. பக்கத்து வங்கதேசம் 2014 தொடக்கத்தில் பி.டி. கத்தரியை விவசாயிகள் கையில் கொடுத்துவிட்டது. மரபணு மாற்றுக் கலப்பினக் கடுகு 2022இல் ஒப்புதல் பெற்று, 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் மாறுபட்ட தீர்ப்பில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

எதிர்ப்பவர்களின் எல்லா அச்சமும் வீண் என்று நான் சொல்லவில்லை. இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.டி. பருத்தியின் புரதங்களுக்குப் பழகிக்கொண்டது நாடே பார்த்த உண்மை. ஒரே ஆயுதத்தை நாடு முழுக்க ஒரேயடியாகப் பிரயோகித்ததன் விளைவு. நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் என்றாலும், பக்கத்து வயலுக்கும் காட்டு நெல்லுக்கும் நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகவாவது மகரந்தம் போகும். உப்பைத் தாங்கும் குணம் களை நெல்லுக்குப் போய்ச் சேர்ந்தால் அது பருத்தியில் நடந்ததைவிடப் பெரிய தொல்லை. 2006இல் அமெரிக்காவில் பேயர் நிறுவனத்தின் ஒப்புதல் பெறாத மரபணு மாற்று நெல் ஏற்றுமதி அரிசியில் கலந்திருப்பது தெரியவந்து, ஐரோப்பியச் சந்தை அடைபட்டது. 2011இல் விவசாயிகளுக்கு 75 கோடி டாலர் இழப்பீடு தர அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. அரிசி ஏற்றுமதியில் முதலிடத்தில் இருக்கும் நாடு இதைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது. வெண்கண்டல் ஆய்வுக்கு வழிகாட்டிய சுவாமிநாதனே 2018இல் பி.சி. கேசவனுடன் எழுதிய கட்டுரையில் மரபணு மாற்றுப் பயிர்களைக் கடுமையாக விமர்சித்தார். மற்ற வழிகள் இல்லாத இடத்தில் மட்டுமே இதைக் கையில் எடுக்கவேண்டும் என்பது அவர் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தது.

மற்ற வழிகள் இருக்கின்றனவா? இருக்கின்றன. தமிழ்நாட்டுக் கடலோரத்தில் குழியடிச்சான், களர்பாளை என்று உப்பைத் தாங்கும் பழைய நெல்கள் உண்டு. ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் பகுதியில் இவற்றைத் தேடிப் போட்டார்கள். விளைச்சல் குறைவு, ஆனால் பதராகாமல் கதிர் கொடுத்தன. கேரளத்தின் பொக்காளி நெல் ஓத நீரிலேயே விளைவது. அதன் முதல் குரோமோசோமில் சால்டால் என்று பெயரிட்ட ஒரு பகுதி இருக்கிறது. சோடியத்தை இலைக்கு ஏறவிடாமல் தண்டிலேயே திரும்ப இழுக்கும் மரபணு அங்கேதான். மரபணு மாற்றம் எதுவும் செய்யாமல், ஒட்டுச்சேர்த்து, நாற்றுப் பருவத்திலேயே டி.என்.ஏ. அடையாளம் பார்த்துப் பொறுக்கி, இந்தப் பகுதியைப் புது ரகங்களுக்குக் கொண்டுபோகிறார்கள். உவர், களர் நிலத்துக்கென்றே திருச்சியிலிருந்து டி.ஆர்.ஒய். வரிசை ரகங்கள் வந்திருக்கின்றன. தக்கைப்பூண்டு மடக்கி உழுவதும் வடிகால் வெட்டுவதும் எந்த விதைக்கும் உதவும்.

இதற்கு நடுவே 2025 மே 4 அன்று மத்திய அரசு இரண்டு நெல்களை அறிவித்தது. மரபணு திருத்தம் என்ற முறையில் செய்தவை. வேற்று உயிரின் மரபணு எதையும் புகுத்தாமல், நெல்லின் சொந்த மரபணுவில் ஓரிடத்தில் மட்டும் வெட்டி மாற்றுவது இது. அப்படிப்பட்ட பயிர்களுக்கு 2022 மார்ச்சில் மதிப்பீட்டுக் குழுவின் நீண்ட பாதையிலிருந்து விலக்குத் தரப்பட்டது. முதல் நெல் கமலா, செங்கல்பட்டுக்காரர்கள் பி.பி.டி. என்று போடும் சம்பா மசூரியைத் திருத்தியது. அந்தச் சம்பா மசூரியின் மூதாதையர்களிலும் கோவையின் ஜி.இ.பி. 24 இருக்கிறது! கதிரில் மணிகளின் எண்ணிக்கையை அடக்கிவைக்கும் ஒரு மரபணுவை அணைத்துவிட்டதால் 19 சதவீதம் கூடுதல் விளைச்சல் என்கிறார்கள். இரண்டாவது நெல் நம் உப்புக்கு நேரடியாகப் பேசுகிறது. எம்.டி.யு. 1010 ரகத்தில் டி.எஸ்.டி. என்ற மரபணுவை முடக்கியது. இலைத்துளைகளைக் கட்டுப்படுத்தும் அந்த மரபணு முடங்கினால் செடி தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. உவர், களர் மண்ணில் சுமார் 10 முதல் 30 சதவீதம் வரை கூடுதல் விளைச்சல் என்பது அறிவிப்பு. சோதனைத் தரவுகளையே எடுத்துக் காட்டி இந்த எண்களை மறுப்பவர்களும் இருக்கிறார்கள். திருத்தும் கருவியின் காப்புரிமை வெளிநாட்டில் இருப்பதால், விதை வணிகத்துக்கு வரும்போது உரிமக் கேள்வியும் கூடவே வரும். டி.கே.எம். 6க்கு அந்தக் கேள்வி எழவே இல்லை.

இவற்றில் எது நல்லது என்று தில்லியிலிருந்தோ தரமணியிலிருந்தோ சொல்ல முடியாது. உப்பு ஊருக்கு ஊர் மாறும். ஒரே வயலில் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் மாறும். பாலாற்று முகத்துவாரத்துக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடையில், ஈ.சி. 4க்கும் 8க்கும் நடுவே அளவு காட்டும் ஒரு அரசு நிலத்தில் நான்கு பாத்தி போடட்டும். ஒன்றில் குழியடிச்சான், ஒன்றில் டி.ஆர்.ஒய். 3, ஒன்றில் டி.எஸ்.டி. திருத்திய நெல். நான்காவதில், வலை கட்டி, பாதுகாப்பு இடைவெளி விட்டு, உரிய அனுமதியோடு, வெண்கண்டல் மரபணு ஏற்றிய நெல். நான்குக்கும் அதே கிணற்றுத் தண்ணீர், அதே உரம். சம்பாவும் நவரையும் சேர்த்து மூன்று ஆண்டுகள் நடக்கட்டும். நாற்றில் எத்தனை பிழைத்தது, கதிரில் எத்தனை பதர், ஏக்கருக்கு எத்தனை மூட்டை, அரிசி எப்படிச் சமைந்தது என்று ஒவ்வொரு அறுவடைக்கும் சுற்றுவட்டார விவசாயிகளை அழைத்து, அவர்கள் முன்னாலேயே களத்தில் தூற்றி எடை போடட்டும். எண்களை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிப்போடட்டும். அந்த நிலம் அதற்குள் வீட்டு மனையாகப் பிரிக்கப்படாமல் இருக்கவேண்டும் என்பதையும் முதலிலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்தில் இன்று உப்பைவிட வேகமாக வயலுக்குள் ஏறிவருவது மனைக் கல்தான்.